லேமினேட் தரை மங்கிப்போச்சு, பால்கனி ஓரத்துல பலகை மூட்டு தூக்கி நிக்குது. என்ன பண்றது?

மூணாவது மாடி எழுதியது:

வணக்கம். சோழிங்கநல்லூர்ல வாடகை ஃபிளாட்ல இருக்கோம். ஹால், கிச்சன் எல்லாம் வெள்ளை டைல்ஸ். பெரிய பெட்ரூம்ல மட்டும் மரத் தரை, கரும்பழுப்பு நிறம். பார்க்க மரம், ஆனா லேமினேட்தான்னு ஹவுஸ் ஓனர் குடிவரும்போதே சொன்னார். “பார்த்துப் பயன்படுத்துங்கம்மா”ன்னும் சொன்னார். எப்படிப் பார்த்துப் பயன்படுத்தறதுன்னு சொல்லலை.

இப்ப ரெண்டு பிரச்சினை.

ஒண்ணு, தரை முழுக்க சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. ராத்திரி லைட்ல தெரியாது. காலைல ஜன்னல் வெயில் சாய்வா விழும்போது மாப்பு போன தடம் வளையம் வளையமா தெரியுது, கால் தடமும் விழுது. துடைச்சு முடிச்ச உடனே பளிச்சுன்னு இருக்கும், காய்ஞ்சதும் பழையபடி ஆயிடும்.

ரெண்டாவது, பால்கனி ஸ்லைடிங் கதவு பக்கம் சில பலகைகளோட மூட்டு தூக்கிட்டு நிக்குது. வெறுங்காலோட நடந்தா விரல்ல இடிக்குது.

எங்க வீட்டு வழக்கம்: வேலைக்கு வர்ற அக்கா ஹால்ல ஆரம்பிச்சு, கிச்சன் முடிச்சு, கடைசியா இந்த ரூமுக்கு வருவாங்க. தண்ணி கஷ்டம் உள்ள அபார்ட்மென்ட், அதனால ஆர்ஓ மெஷின் வெளிய தள்ற தண்ணியைப் பக்கெட்ல பிடிச்சு வெச்சு அதுலதான் துடைக்கறோம். மாமியாருக்கு ஃபினாயில் வாசனை வந்தாத்தான் வீடு துடைச்ச மாதிரி. சாமி அலமாரியும் அதே ரூம் மூலைல இருக்கறதால கீழ கொஞ்சம் விளக்கெண்ணெய்க் கறையும் இருக்கு.

வீட்டுக்காரர் பாலிஷ் போட ஆளைக் கூப்பிடலாம்ங்கறார். அக்ரிமென்ட் புதுப்பிக்க ஓனர் வரப்போறார், அட்வான்ஸ்ல கை வெச்சுடுவாரோன்னு பயமா இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


டீக்கடை பெஞ்சு எழுதியது:

இதுக்கு ஏம்மா ஆளு? தேங்காய் எண்ணெயில ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டு, பழைய வேட்டித் துணில தொட்டுத் தேய்ங்க. எங்க வீட்டுத் தேக்கு ஊஞ்சல் எங்க தாத்தா காலத்துது, இன்னிக்கும் முகம் பார்க்கலாம். அதுவும் வேண்டாம்னா கடைல மர வாக்ஸ் டப்பா கிடைக்கும்.


கோந்துக்கை எழுதியது:

தங்கச்சி, அந்த எண்ணெயைக் கீழ வெச்சுடுங்க. பெஞ்சு அண்ணன் சொல்றது ஊஞ்சலுக்குச் சரிங்க, தேக்கு எண்ணெயைக் குடிக்கும். லேமினேட் குடிக்காது. ஊத்துனது அப்படியே மேல நிக்கும், அதுல தூசி ஒட்டும், பெரியவங்க யாராச்சும் வழுக்கி விழுவாங்க. வாக்ஸ், பாலிஷ் ரெண்டும் அதே கணக்குல சேர்த்துக்கோங்க. பாலிஷ் போட வர்ற ஆளு காசு வாங்கிட்டுப் போயிடுவாரு, அவரு பூசுனதைச் சுரண்டி எடுக்கறது உங்க பாடு.

எனக்குச் சொந்த ஊர் கோயமுத்தூர். தரை போடறதுதான் பொழப்பு. இப்ப மெட்ராஸ்ல உங்க ஓஎம்ஆர் பக்கம் நிறைய வேலை. இதே கேள்வியை வீட்டுக்கு வீடு கேட்டுட்டேதான் இருக்கறேன், அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதறேன்.

உங்க காலுக்கு அடியில இருக்கறது என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. நடுவுல எச்டிஎஃப் பலகை. மர நாரைப் பிசினோட சேர்த்து, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக்கினது. அதுக்கு மேல மர ரேகை அச்சடிச்ச ஒரு தாள். ஆமாங்க, நீங்க பார்க்கற ரேகை ஃபோட்டோதான். தாளுக்கு மேல மெலமைன் பிசின்ல ஒரு மெல்லிசுத் தோல், தேய்மானம் தாங்கறதுக்காக அதுல அலுமினியம் ஆக்ஸைடு துகள் கலந்திருக்கும். அடியில பலகை வளையாம இருக்க இன்னொரு தாள். வீட்டுக்குப் போடறது பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் கனம். அதுக்கும் கீழ ஒரு ஃபோம் ஷீட் விரிச்சிருப்பாங்க. பலகையைத் தரையில ஒட்டறதில்லைங்க, ஒண்ணுக்கொண்ணு பூட்டிவிட்டு சும்மா மிதக்க விடறதுதான் முறை.

1970கள் கடைசில ஸ்வீடன்ல பெர்ஸ்டார்ப்னு ஒரு கம்பெனி கண்டுபிடிச்சது இது. பெர்கோங்கற பேர்ல வித்தாங்க. அந்த ஊர்ல வீட்டுக்குள்ள பக்கெட் தண்ணியை ஊத்திக் கழுவற பழக்கம் ஏது? நம்மாளுங்களுக்குத் தண்ணி படாத தரை சுத்தமான தரையே இல்லை. பாதித் தகராறு அங்கதான் ஆரம்பிக்குது.

சரி, உங்க சாம்பல் விஷயம். நீங்க எழுதுனதுலயே பதில் இருக்குங்க: ஆர்ஓ கழிவுத் தண்ணி. மெஷின் நல்ல தண்ணியை ஒரு பக்கம் எடுத்துட்டு, உப்பையெல்லாம் இன்னொரு பக்கம் தள்ளுது. உங்க ஏரியா போர் தண்ணி ஏற்கெனவே உப்பு, கழிவுல அது இன்னும் அடர்த்தி. துடைச்சதும் தண்ணி ஆவியாயிடும், உப்பு எங்க போகும்? வெள்ளை டைல்ஸ்ல அது தெரியாது, கரும்பழுப்புல தெரியுது. அதோட வெள்ளை ஃபினாயில். அதுல இருக்கற எண்ணெயும் சோப்பும் தினமும் ஒரு படலமா படியுது. போதாததுக்கு ஹால், கிச்சன் அழுக்கு மொத்தமும் கரைஞ்ச தண்ணி கடைசியா இந்த ரூமுக்கு வருது. கோவிச்சுக்காதீங்க, உங்க வீட்டுலயே மோசமான தண்ணி உங்க வீட்டுலயே நல்ல தரைக்குப் போகுது.

இதைச் சோதிச்சுப் பார்த்துடலாம். கட்டிலுக்குப் பக்கத்துல உள்ளங்கை அகலம் ஒரு இடம் எடுத்துக்கோங்க. குடிக்கற தண்ணியில மைக்ரோஃபைபர் துணியை நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு, கொஞ்சம் அழுத்தித் தேய்ங்க. உடனே வேற காய்ஞ்ச துணியால ஒத்தி எடுத்துடுங்க. காய்ஞ்ச பிறகும் அந்த இடம் மட்டும் பழைய நிறத்துல நின்னா, மேல இருக்கறது வெறும் படலம், தரைக்கு ஒண்ணும் ஆகலை. அப்பவும் மங்கலாவே இருந்தா மண்ணு தேய்ச்சு மேல்தோல் கீறிப்போச்சுன்னு அர்த்தம். அதுக்கு வைத்தியம் இல்லீங்க. நிஜ மரத்தை இழைச்சு மறுபடி பாலிஷ் போடலாம். இதை இழைச்சா அடுத்து வர்றது ஃபோட்டோத் தாள்.

படலம்தான்னு தெரிஞ்சா, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நல்ல தண்ணியில ரெண்டு மேஜைக்கரண்டி வெள்ளை வினிகர். துணியை நனைச்சு, சொட்டு விழாத அளவுக்குப் பிழிஞ்சு, பலகை ஓடற திசையிலயே ரெண்டு மூணு பலகையாத் துடைச்சுட்டு வாங்க. பின்னாலயே இன்னொருத்தர் வெறும் தண்ணியில பிழிஞ்ச துணி, அப்புறம் காய்ஞ்ச துணி. துணி சாம்பலாச்சுன்னா அலசுங்க, தண்ணியையும் மாத்துங்க. ஃபினாயில் நாளாப் படிஞ்சிருக்கறதால ஒரே தடவையில மொத்தமும் வராது. ரெண்டு நாள் விட்டு மறுபடி செய்ங்க. இது படலம் எடுக்கறதுக்கு மட்டும். தினசரி வினிகர் வேண்டாம். பாத்திரம் தேய்க்கற பச்சை நார், கம்பி நார், சபீனா மாதிரி பவுடர், டைல்ஸ் ஆசிட் இதெல்லாம் அந்த ரூம் வாசப்படியைத் தாண்டக் கூடாது.

மூட்டு தூக்கறது வேற கதை. அது ரெண்டு காரணத்தால வரும், ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. தூக்கி நிக்கற இடத்துல குதிகால் வெச்சு அமுக்கிப் பாருங்க. உள்ள வெத்திடம் இருக்கற மாதிரி அமுங்கி, விட்டா எழும்பி வந்தா, பலகை விரிய இடமில்லாம சுவத்துல முட்டுது. சுவத்தோரம் 8லிருந்து 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் போடணும், அதை மறைக்கத்தான் ஸ்கர்ட்டிங். இடைவெளி விடாமப் போட்டிருந்தாலோ, கனமான வார்ட்ரோபைப் பலகை மேலயே வெச்சு ஆணி அடிச்சிருந்தாலோ, ஐப்பசி கார்த்திகை ஈரத்துல பலகை விரிஞ்சு நடுவுல கூரை கட்டிடும். ஸ்கர்ட்டிங்கைக் கழட்டி ஓரத்தைச் சீவி விட்டா பெரும்பாலும் படிஞ்சுடும்.

அமுக்கினா அமுங்காம, மூட்டோட ரெண்டு பக்க விளிம்பும் கல்லு மாதிரி தடிச்சு நின்னா, தண்ணி உள்ள போயிடுச்சு. எச்டிஎஃப் நாரு ஊறினா பழைய கனத்துக்குத் திரும்பாதுங்க. டீயில விழுந்த பிஸ்கட்டைக் காய வெச்சு மறுபடி பாக்கெட்ல அடுக்க முடியாது, அதே நிலைமைதான். பலகை மாத்தறது ஒண்ணுதான் வழி.

எந்த வகைன்னு பார்த்துச் சொல்லுங்க. அப்படியே அந்த ஸ்லைடிங் கதவோட கீழ்ச் சட்டத்தையும் ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க.


மூணாவது மாடி எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. நீங்க சொன்ன மாதிரியே கட்டில் பக்கத்துல தேய்ச்சுப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் கரும்பழுப்பா, புதுசு மாதிரி நிக்குது! மாமியாரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். “அப்ப இத்தனை நாளா அழுக்கு மேல அழுக்கைத்தான் பூசினோமா”ன்னாங்க. ஃபினாயிலை மட்டும் விட்டுக் குடுக்க மாட்டாங்க போல, ஹாலோட நிறுத்திக்கலாம்னு பேச்சுவார்த்தை ஓடுது.

பால்கனிப் பக்கம் கெட்ட செய்திதான். அமுக்கினா அசையலை, கெட்டியா இருக்கு. ரெண்டு இடத்துல விளிம்புல மேல்தோல் உரிஞ்சு உள்ள பழுப்பா தெரியுது. கதவுச் சட்டத்தைப் பார்த்தேன், புறா இறகும் மண்ணும் அடைஞ்சு கிடக்கு. போன மழைல தண்ணி உள்ள வந்தது நிஜம், டவல் போட்டு வெச்சோம்.


கோந்துக்கை எழுதியது:

அதேதாங்க. ஸ்லைடிங் சட்டத்தோட அடியில, வெளிப்பக்கமா சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க, சட்டத்துல சேர்ற மழைத்தண்ணி பால்கனிக்கு வடியறதுக்கு. புறா இறகு அடைச்சா தண்ணிக்கு வழி ஏது, நிரம்பி உள்பக்கமா வழியும். நீங்க மேல டவல் போட்டுத் துடைச்சிருப்பீங்க, அதுக்குள்ள பூட்டு வழியா அடியில இறங்கியிருக்கும். இந்தப் பூட்டுப் பலகையில கோந்து கிடையாது. 1990கள் பாதி வரைக்கும் மூட்டுக்கு மூட்டு கோந்து போட்டுத்தான் ஒட்டுனாங்க, அப்புறம் வந்ததுதான் இந்தப் பூட்டு. போடறவனுக்குச் சுகம், தண்ணிக்கும் சுகம்.

பழைய பல்துலக்கி எடுத்து சட்டத்தைச் சுத்தம் பண்ணுங்க, ஒரு மெல்லிசுக் கம்பியால ஓட்டையைக் குத்தி விடுங்க. ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி அது வெளிய போகுதான்னு பார்த்துக்கோங்க. மழைக்காலத்துக்கு முன்னால வருஷா வருஷம் இதைச் செய்யணும். கதவோரம் தரைக்கும் சட்டத்துக்கும் நடுவுல இருக்கற இணைப்புப் பட்டையில சிலிக்கான் விட்டுப் போயிருந்தா அதையும் புதுசாப் போடச் சொல்லுங்க.

இன்னொரு இடமும் பாருங்க, ஏசிக்கு நேர் கீழ இருக்கற சுவத்தோரம். ஏசியோட வடிகால் குழாயில பாசி அடைச்சா தண்ணி சுவத்தோட ஒட்டியே இறங்கி ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னால போகும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரியறப்போ பலகை போயிருக்கும். பெட்ரூம் லேமினேட் நாசமாகறதுல மாப்புக்கு அடுத்தபடி நான் அதிகமாப் பார்க்கறது ஏசித் தண்ணிதாங்க. ஏசி சர்வீஸுக்கு ஆள் வரும்போது குழாயை ஊதிவிடச் சொல்லுங்க.

இனிமே தினசரி என்ன செய்யணும்னா, பூந்தொடப்பமோ காய்ஞ்ச மைக்ரோஃபைபர் மாப்போ போதும். தண்ணியே வேண்டாம். உங்க பக்கம் எங்க பார்த்தாலும் கட்டட வேலை, பால்கனி வழியா வர்றது மணல் தூசி. மேல்தோல்ல கீறல் போடறது அந்த மணல்தான், அதனால பெருக்கறதுதான் முக்கியம், துடைக்கறது ரெண்டாம்பட்சம். பால்கனிக் கதவுக்கு வெளிய ஒரு கயிறு மிதியடி, உள்ள ஒரு துணி மிதியடி. அடியில ரப்பர் ஒட்டுன மிதியடி வேண்டாம், நாள்பட அந்த வடிவத்துலயே கறை விழலாம், அடியில ஈரமும் நிக்கும். வேக்யூம் இருந்தா சுத்தற பிரஷ்ஷை நிறுத்திட்டு ஓட்டுங்க.

ஈரத் துடைப்பு வாரத்துக்கு ஒரு தடவை போதும். தனி மாப்பு, தனி பக்கெட், நல்ல தண்ணி. இந்த ரூமை முதல்ல துடைச்சுட்டு அப்புறம் ஹாலுக்குப் போகச் சொல்லுங்க. சுத்துற மாப்பா இருந்தா நல்லா ஓட்டிச் சுத்தி எடுக்கணும். அளவு என்னன்னா, துடைச்ச இடம் ஃபேன் காத்துல ஒரு நிமிஷத்துக்குள்ள காயணும். காயலைன்னா மாப்புல ஈரம் ஜாஸ்தி. அந்த அக்காகிட்ட “கம்மியாத் துடைங்க”ன்னு சொன்னா புரியாது, சந்தேகமும் வரும். பக்கத்துல நின்னு ஒரு தடவை பிழிஞ்சு காட்டுங்க, வேலை மிச்சம்னு அவங்களே சந்தோஷப்படுவாங்க.

விளக்கெண்ணெய்க் கறைக்கு முதல்ல டிஷ்யூ வெச்சு ஒத்தி எடுங்க. வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவற திரவம் ஒரு சொட்டு, பிழிஞ்ச துணி, அப்புறம் வெறும் தண்ணித் துணி, காய்ஞ்ச துணி. விளக்குக்கு அடியில அகலமா ஒரு பித்தளைத் தட்டு வெச்சுட்டா பிரச்சினையே இல்லை. சாம்பிராணித் தணலை மட்டும் அந்த ரூம்ல ஜாக்கிரதையா எடுத்துட்டுப் போங்க, விழுந்த புள்ளி கருகினா கருகினதுதான். மஞ்சள் கறைக்குப் பயப்படாதீங்க. துடைச்சும் லேசா மிச்சம் நின்னா ஜன்னல் வெயில் பட விடுங்க, தானா வெளுக்கும். நகப்பூச்சு, பர்மனென்ட் மார்க்கர் கறைக்கு நகப்பூச்சு எடுக்கற திரவத்தைத் துணியில தொட்டு அந்தப் புள்ளியை மட்டும் ஒத்தணும், தரையில ஊத்தக் கூடாது. முதல்ல கட்டிலுக்கு அடியில ஒரு ஓரத்துல வெச்சுப் பார்த்துக்கோங்க. விளக்கு எரியும்போது செய்யாதீங்க, அது சட்டுனு தீப்பிடிக்கற சரக்கு.


பனிக்காலம் எழுதியது:

நாங்கள் கனடாவில, ஸ்காபரோ. இஞ்ச தமிழ் ஆக்களின்ர வீடுகளில மேல்மாடி, பேஸ்மென்ட் எண்டு கனக்க இடத்தில லேமினேட்தான். உங்கட பிரச்சினைக்கு நேர் எதிரான பிரச்சினை எங்களுக்கு, அதால எழுதவேணும் போல கிடந்தது.

உங்களுக்கு ஈரத்தில பலகை விரியுது. எங்களுக்கு தை, மாசியில ஹீட்டர் இரவு பகலா ஓடி, வீட்டுக் காத்து காஞ்சு, பலகை சுருங்கி, நுனி மூட்டுகளில இடைவெளி விழும். முதல் குளிர்காலம் அதைப் பார்த்திட்டு இவர் மரப்பசை வாங்கி அடைக்க வெளிக்கிட்டார். பக்கத்து வீட்டு அண்ணை தான் மறிச்சவர். அடைச்சால் கோடையில பலகை விரியேக்க இடமிராது, பிறகு தூக்கும் எண்டு சொன்னார். ஹியுமிடிஃபையர் வாங்கி வைச்சம். வீட்டு ஈரப்பதம் 35, 40 வீதத்துக்குக் கிட்ட நிண்டால் இடைவெளி பெரிசாத் தெரியாது. இளவேனிலோட மிச்சமும் தானா மூடிப்போம்.

மற்றது உப்பு. றோட்டில பனி உருகக் கொட்டுற உப்பு சப்பாத்தோட உள்ள வந்து வாசலடியில வெள்ளை வெள்ளையாக் காயும். உங்கட ஆர்ஓ தண்ணிக் கதையை வாசிக்கேக்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நாங்களும் இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்சம் வினிகர் விட்டுத்தான் துடைக்கிறனாங்கள். வாசலில சப்பாத்து வைக்க விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒண்டு. பிள்ளையள் அதில கழட்டாமல் ஒரு அடி எடுத்து வைச்சாலும் அம்மா சத்தம் போடுவா.

கதிரைக் கால்களுக்குக் கம்பளித் துணி வட்டம் ஒட்டுங்கோ. ஆனா அப்பிடியே விட்டிடாதேங்கோ, அதுக்குள்ள மண் ஏறினால் அதுவே அரத்தாள் மாதிரி இழுக்கும். இடைக்கிடை கழட்டிப் புதுசு மாத்த வேணும்.


டீக்கடை பெஞ்சு எழுதியது:

சரிப்பா, எண்ணெய் விஷயத்துல நான் வாபஸ். ஒரு சந்தேகம் மட்டும். என் பையன் நீராவி மாப்பு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கான். தண்ணியே ஊத்தறதில்லை, ஆவிதான் வருது, கிருமி எல்லாம் செத்துடும்ங்கறான். அது லேமினேட்டுக்கு ஆகுமா? அப்புறம் தானா ஓடுற அந்த ரோபோ வண்டி?


கோந்துக்கை எழுதியது:

பெஞ்சு அண்ணா, ஆவிதான் தண்ணியை விட மோசம். சூட்டோட அழுத்தத்தோட மூட்டுக்குள்ள புகுந்து, உள்ள போய்த் தண்ணியா மாறும். உங்க டைல்ஸுக்கு ஓட்டுங்க, லேமினேட்டுக்கு வேண்டாம். ரோபோ பெருக்கறது நல்லதுதான், தினமும் மணலை எடுத்துடும். ஈரத் துடைப்பு வசதி இருந்தா தண்ணி அளவை ஆகக் குறைச்சலா வைங்க. சார்ஜ் ஏத்தற இடத்துல ஈரத் துணியோட நிக்க விடாதீங்க, ராத்திரி முழுக்க ஒரே பலகை ஊறும்.

ஒண்ணு கேட்டுக்கறேன், உங்களது லேமினேட்தானுங்களா? இப்பல்லாம் எஸ்பிசினு ஒண்ணு வருது, சுண்ணாம்புக் கல் பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்தது, பார்க்க அசல் இதே மாதிரி இருக்கும். அது தண்ணி தாங்கும். வாசப்படிப் பட்டையைக் கழட்டினா வெட்டு விளிம்பு தெரியும். பழுப்பு நிற நாரா இருந்தா லேமினேட், சாம்பல் நிறத்துல கல்லாட்டம் இருந்தா எஸ்பிசி. ஓனரைக் கேட்டா எல்லாரும் “வுடன் ஃப்ளோரிங்”னுதான் சொல்லுவாங்க.

தரைத்தளத்துல லேமினேட் வெச்சிருக்கறவங்க யாராச்சும் இதைப் படிச்சா ஸ்கர்ட்டிங் ஓரம் மண் கோடு ஏதாவது ஏறியிருக்கான்னு பாருங்க. எச்டிஎஃப்பும் மரம்தான், கரையானுக்குப் பாகுபாடு தெரியாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணைல வீட்டுக்குள்ள வெள்ளம் புகுந்துச்சே, அந்த மாதிரி முங்கின தரையைக் காய வெச்சுப் பார்க்கலாம்னு உட்கார வேண்டாம். ஃபோம் அடியில சாக்கடைத் தண்ணி நின்னு பூஞ்சணம் பிடிக்கும். மொத்தமாக் கழட்டிடறதுதான் நல்லது.


அபார்ட்மென்ட் அரசியல் எழுதியது:

அட்வான்ஸ் பத்தி யாரும் பேசலையே. நான் எங்க அசோசியேஷன்ல இந்தப் பஞ்சாயத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்தவன். ஓனர் வந்து கண்டுபிடிக்கறதுக்கு முன்னால நீங்களே சொல்லிடுங்க. இப்பவே ஃபோட்டோ எடுங்க: தூக்கின மூட்டு, அடைஞ்ச சட்டம், சுத்தம் பண்ணின பிறகு சட்டம். மழைத்தண்ணி கதவு வழியா வந்திருக்கு, இன்ன இடத்துல பலகை ஊறியிருக்குன்னு வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க. ஃபோன்ல பேசினா பதிவு இருக்காது. மங்கலை நீங்க சரி பண்ணிட்டா அது பேச்சுலயே வராது. கதவுப் பக்கம் மட்டும் யார் செலவுன்னு பேசிக்கலாம். அந்த ரூம் மொத்தத்தையும் மாத்தணும்னு ஓனர் ஆரம்பிச்சார்னா, சில பலகை மட்டும் மாத்த முடியும்னு இந்த அண்ணன் எழுதினதைக் காட்டுங்க. முடியும்தானே, அண்ணா?


கோந்துக்கை எழுதியது:

முடியுங்க, ரெண்டு விஷயம் ஒத்து வந்தா. கதவுச் சுவத்தை ஒட்டின வரிசைங்கறதால அந்தப் பக்க ஸ்கர்ட்டிங்கையும் பட்டையையும் கழட்டிட்டு, ஓரத்துலிருந்து வரிசையாப் பூட்டைக் கழட்டிட்டு வரலாம். ரூம் நடுவுல இருந்தா அறுத்து எடுக்கற வேலை, அது இழுக்கும். இன்னொண்ணு, அதே பலகை கிடைக்கணும். கம்பெனிக்குக் கம்பெனி பூட்டோட வடிவம் மாறும், ஒண்ணோட இன்னொண்ணு சேராது. நிறமும் வருஷா வருஷம் மாத்திட்டே இருக்காங்க, பழைய டிசைன் கடைல கேட்டா கையை விரிச்சுடுவாங்க.

ஆனா தரை போட்டா மிச்சப் பலகை ஒரு பெட்டியாச்சும் இருக்கும். பெரும்பாலும் வீட்டுலயே விட்டுட்டுப் போவாங்க. ஓனர்கிட்ட கேளுங்க, அதுக்கு முன்னால லாஃப்ட்ல தேடிப் பாருங்க.


மூணாவது மாடி எழுதியது:

ரெண்டு நாளா பாதி ரூம் முடிச்சோம் அண்ணா. நான் வினிகர்த் துணி, வீட்டுக்காரர் வெறும் தண்ணித் துணி, பின்னாலயே மாமியார் காய்ஞ்ச துணியோட, “இங்க விட்டுட்டே, இங்க விட்டுட்டே”ன்னு. செஞ்ச பாதிக்கும் செய்யாத பாதிக்கும் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி தெரியுது. பாலிஷ் ஆளுக்கு ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டார்.

லாஃப்ட்ல பழைய கூலர் பின்னால ஒரு நீளமான அட்டைப்பெட்டி இருந்தது! பிரிக்காத பெட்டி இல்லை, பாதி. எண்ணிப் பார்த்தா அஞ்சு பலகை. தூக்கி நிக்கறது நாலு. அதே நிறம்தான், பெட்டி மேல 8 எம்எம், ஏசி3ன்னு போட்டிருக்கு. ஓனருக்கு எல்லா ஃபோட்டோவும் அனுப்பிட்டேன். “தச்சரை அனுப்பறேன்”னு பதில் வந்தது. தச்சர் வர்றதுக்கு முன்னால நாங்க ஏதாவது செய்யணுமா?


கோந்துக்கை எழுதியது:

நாலுக்கு அஞ்சு, தப்பிச்சீங்க. ஏசி3ங்கறது தேய்மானத் தரம், வீட்டுக்கு அது போதும்.

பெட்டியை இன்னிக்கே லாஃப்ட்லிருந்து இறக்கி அதே ரூம்ல தரையில படுக்க வெச்சுடுங்க, சுவத்துல சாய்ச்சு நிறுத்தாதீங்க. 48 மணி நேரமாவது அந்த ரூம் காத்துக்குப் பழகணும். ஏசி எப்பவும் போல ஓடட்டும். தச்சர் வந்தா ரெண்டு கேள்வி கேளுங்க: இதுக்கு முன்னால பூட்டுப் பலகை கழட்டியிருக்காரா, கழட்டின பிறகு அடி ஃபோமையும் சிமெண்ட்டையும் காய விடுவாரா. அன்னிக்கே பழசைப் பிடுங்கி அன்னிக்கே புதுசைப் பூட்டறேன்னு சொன்னார்னா விடாதீங்க. ஃபோமைத் தூக்கிப் பார்த்து, கீழ ஈரமா இருந்தா அந்தத் துண்டு ஃபோமை மாத்திட்டு, ரெண்டு மூணு நாள் ஃபேன் போட்டுத் திறந்து வைங்க. ஆணி, ஃபெவிகால் எதையும் தரைப் பக்கம் கொண்டு வர விடாதீங்க, ஸ்கர்ட்டிங்கைச் சுவத்துல மட்டும்தான் அடிக்கணும்.

மிச்சமாகற அஞ்சாவது பலகையை அவர் கொண்டு போயிடாமப் பார்த்துக்கோங்க.